வைன் பண்ணைக்கு ஒரு கல்வெட்டு

பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் செத்துப்போன எவரும் உயிரோடு இருந்த காலத்தில் கோப்பை கழுவியதில்லை. புண்ணியமூர்த்தி எழுதிய கல்வெட்டுகளை வாசித்தால் அப்படித்தான் நம்பவேண்டி வரும். எல்லோரும் பிரபல வர்த்தகர்கள், கொடைவள்ளல்கள், சமூக சேவையாளர்கள். இருபத்தைந்து வருடம் ஏதோவோர் உணவகத்தின் நிலக்கீழ் அறையில் உருளைக்கிழங்குத் தோல் சீவியவர், செத்து முப்பத்தோராம் நாள் பார்த்தால் 'பாரிஸ் மாநகரின் உணவுத்துறை முன்னோடி' ஆகியிருப்பார்.

கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது அல்ல. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சிறு புத்தகம். முன்பக்கத்தில் இரண்டு குத்துவிளக்குகளுக்கு நடுவில் இறந்தவரின் படம். கீழே பிறந்த தேதி, ஒரு கோடு, இறந்த தேதி. உள்ளே வம்சாவளி, வாழ்க்கை வரலாறு, அதற்குப் பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று பாட்டு வடிவில் ஒப்பாரி. அத்தனை பேருக்காகவும் புண்ணியமூர்த்தி ஒருவரே புலம்புவார். அதைத் தட்டச்சுச் செய்து அச்சடிப்பவள் நான். பெயர் கோசலை. ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் மேல்முனையில், மரக்கறிக் கடைக்கும் நகைக்கடைக்கும் இடையில் நெருக்குப்பட்டு நிற்பது என் அச்சகம். கலியாண அட்டை, சாமத்தியவீட்டு அழைப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கே ஒரே மெஷினில்தான் வருகின்றன.

புண்ணியமூர்த்தியும் ஓர் இத்தாலிய உணவகத்தில் வேலை செய்கிறவர்தான். கோப்பை கழுவுவதில் தொடங்கி, பன்னிரண்டு வருடத்தில் சலாட் வெட்டுவது வரைக்கும் உயர்ந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்ததும் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு, பையில் பேனாவைக் குத்திக்கொண்டு என் கடைக்கு வருவார். வாசலைத் தாண்டியதும் நடையே மாறிவிடும். கவிஞர் வந்துவிட்டார் என்று நாங்கள் ஒதுங்கி இடம்விட வேண்டும்.

அவருடைய உண்மையான கெட்டித்தனம் எழுதுவதில் இல்லை, விடுவதில். சாதி மாறிக் கட்டிய மகன், வெள்ளைக்காரியோடு போன தம்பி, மறியலில் கம்பி எண்ணுகிற மச்சான், இவர்கள் ஒருவரும் வம்சாவளியில் இருக்கமாட்டார்கள். விட்ட இடமும் தெரியாது. நாலு பிள்ளைகளில் ஒன்றை மறைக்கவேண்டுமென்றால், எண்ணிக்கையைச் சொல்லாமல் 'பாசமிகு பிள்ளைகள்' என்று வழுக்கிக்கொண்டு போவார். குடும்பத்தார் வாசித்துவிட்டு ஆறுதலாக மூச்சு விடுவார்கள். எழுதியதற்கு அல்ல, எழுதாமல் விட்டதற்குத்தான் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

2011இல் அவருடைய மனைவி கமலராணி புற்றுநோயில் இறந்தார். அந்தக் கல்வெட்டில் புண்ணியமூர்த்தி தன் ஒரே மகளை விட்டார்.

மகளின் பெயர் சுபாங்கி. முந்தின வருடம் மெரியில், அதாவது நகரசபையில், பதிந்து தினேஸ் என்பவனைக் கட்டியிருந்தாள். யுத்தம் முடிந்த கையோடு வன்னியிலிருந்து வந்தவன், கூசேன்வில்லில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்துகொண்டு, ரோய்சியில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை செய்தான். முதல்நாள் அவனைக் கண்டபோது புண்ணியமூர்த்தி கேட்டது இரண்டே கேள்விகள். "தம்பி ஊரிலை எவடம்?" பிறகு, "அங்கை எந்தக் கோயிலடி?" எங்கள் ஆட்களுக்கு அது போதும், இதற்கு மேல் சாதி என்ற சொல்லை வாயால் சொல்லத் தேவையில்லை. அந்தப் பொடியன் சூது தெரியாமல் உள்ளதைச் சொன்னான். அதோடு மாமனார் கதவைச் சாத்தினார்.

கமலராணி சாத்தவில்லை. அவருக்கு வருத்தம் முற்றியபோது வாரத்தில் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்தவன் தினேஸ்தான். கடைசி மூன்று மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தூக்கி உட்காரவைத்ததும், திருப்பிப் படுக்கவைத்ததும் அவன்தான். அந்த நேரங்களில் புண்ணியமூர்த்தி வெளி வராந்தாவில் இருந்து மற்றவர்களின் புலம்பல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் என் கண்ணால் கண்டேன்.

முப்பத்தோராம் நாள் சுபாங்கி தன் தாயின் அந்தியேட்டிக்கு விருந்தாளி மாதிரி வந்தாள். எல்லோருக்கும் கொடுத்ததுபோல அவளுக்கும் ஒரு கல்வெட்டைக் கொடுத்தார்கள். மக்கள் புலம்பல் இருக்கவேண்டிய இடத்தில் பெறாமக்கள் புலம்பல், அண்ணன் தம்பி பிள்ளைகளின் பேரில், இருந்தது. நின்றபடியே வாசித்தாள், சாப்பிடாமல் போனாள். அடுத்தநாள் என் கடைக்கு வந்தாள்.

"அன்ரி, அப்பாட்டைச் சொல்லுங்கோ. அவர் அச்சடிச்சு என்னை வெளியிலை விட்டவர். அச்சடிச்சுத்தான் திரும்ப எடுக்கோணும். அதுவரைக்கும் நான் அவரின்ரை முகத்திலை முழிக்கமாட்டன்."

நான் சொன்னேன். "அச்சிலை ஏறினது ஏறினதுதான் தங்கச்சி" என்றார் அவர். ஏதோ அரச வர்த்தமானியைத் திருத்தச் சொன்னதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் வில்லியே லே பெல்லில் சுபாங்கிக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது, கஜனி. பிள்ளையின் படங்களைச் சுபாங்கி எனக்கு அனுப்புவாள். புண்ணியமூர்த்தி கடைக்கு வந்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி தாள்களைப் புரட்டிவிட்டு, "உம்மடை ஃபோனிலை புதுசா ஏதும் வந்ததோ" என்று கேட்பார். காட்டினால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்ப்பார். அந்தப் பிள்ளையை ஒருதரம் மடியில் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை அந்த மனிசனைத் தின்றது. ஒரு தாள், இரண்டு பெயர், அவ்வளவுதான் அவர் அச்சடிக்க வேண்டியிருந்தது. எனக்கு அவரில் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

இப்படி இருக்கையில் 2014இல் வைன் வந்தது.

உணவகத்தின் முதலாளி மர்கரீத், பிரெஞ்சுக்காரி. அவருடைய கணவர் இத்தாலியின் வடக்கில், பியெமோந்தேக் குன்றுகளில் வைன் செய்யும் ஒரு குடும்பத்துப் பிள்ளை. அந்த முறை பாரிஸில் நடக்கும் வைன் கண்காட்சியில் தங்கள் பண்ணைக்கும் ஒரு மேசை எடுத்திருந்தார்கள். எல்லாப் பண்ணைகளிடமும் நல்ல வைன் இருக்கிறது, வரலாறு இருக்கிற பண்ணைதான் விற்கும் என்று யாரோ மர்கரீத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். வரலாற்றுக்கு எங்கே போவது என்று அவர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இடைவேளையில் புண்ணியமூர்த்தி சலாட் மேசையில் ஒரு வம்சாவளியை விரித்து வைத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

அது என்ன என்று மர்கரீத் கேட்டார். குடும்ப வரலாறு, நான்தான் எழுதுகிறேன், மூன்று தலைமுறை என்றால் இருபத்துநாலு பக்கம், ஐந்து தலைமுறை என்றால் முப்பத்திரண்டு என்று இவர் விளக்கினார். அது செத்தவர்களுக்கு எழுதுவது என்ற சின்ன விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. விடுவதில்தான் மனிசன் கெட்டிக்காரன் என்று சொன்னேனே.

மூன்று நாள் லீவும் ரயில் ரிக்கற்றும் கொடுத்து அவரை இத்தாலிக்கு அனுப்பினார்கள். வாழ்க்கையில் ஒரு சொட்டு மது தொடாதவர், வைன் போத்தலைத் துடைத்ததோடு சரி. அங்கே போய்க் குடிக்காமலே குறிப்பெடுத்தார். புளித்த, இனிப்பே இல்லாத வெள்ளை வைனை 'தேனினும் இனிய திரவம்' என்று எழுதிக்கொண்டு வந்து, அதை மர்கரீத் வெட்டியபோது கோபித்துக்கொண்டார்.

பண்ணைக்குப் பெரியவர் மர்கரீத்தின் மாமனார் கஸ்பரே. எண்பத்துநாலு வயது, பிரெஞ்சு பேசுவார். போத்தலில் '1848 முதல்' என்று போட்டிருந்தது. அந்த வருடம் என்ன நடந்தது என்று இவர் கேட்க, அப்போது எங்கள் முன்னோர் இந்தக் குன்றில் இன்னொருவனின் மாடு மேய்த்தார்கள் என்று கிழவர் சொன்னார். புண்ணியமூர்த்தி தயங்கவில்லை. 'கால்நடைச் செல்வம் செழித்த தொன்மைக் குடி' என்று எழுதினார்.

பண்ணைக்குப் பேர் கொடுத்த விஷயம் ஒன்று உண்மையாகவே இருந்தது. அந்தக் குன்றுகளில் முன்னெல்லாம் வெள்ளை வைன் வெக்கையில் பொங்கி நுரைத்து, அவிந்த மணத்தோடுதான் வருமாம். 1961இல் இந்தப் பண்ணையில் தொட்டிகளைச் சாக்கால் சுற்றி, கிணற்றுத் தண்ணீரை இரவு பகலாக ஊற்றிக் குளிரவைத்தார்கள். வைன் மெல்லமாகப் பொங்கியது, பழத்தின் மணம் போகாமல் நின்றது. தூரினிலிருந்து வியாபாரிகள் வந்து வரிசையில் நின்றார்கள். இன்றைக்கு எல்லோரிடமும் உருக்குத் தொட்டியும் குளிரூட்டும் மெஷினும் இருக்கின்றன. அந்த வட்டாரத்தில் முதலில் செய்தது இவர்கள். கண்டுபிடித்தவர் கஸ்பரே என்று போத்தலுக்குப் பின்னால் அச்சடித்திருந்தது.

சூப் குடித்துக்கொண்டே கிழவர் இவரிடம் உண்மையைச் சொன்னார். கண்டுபிடித்தது அவர் இல்லை, தங்கை எர்னெஸ்தா. கிணற்றுத் தண்ணீர் சுமந்து ஊற்றியவன் ரோக்கோ என்ற கூலியாள். அடுத்த வருடம் எர்னெஸ்தா அவனையே கட்டிக்கொண்டு தூரினுக்குப் போய்விட்டாள். அவன் கலாபிரியாக்காரன், இத்தாலியின் ஏழைத் தெற்கு. அவள் 1997இல் செத்தபோதும் கஸ்பரே போகவில்லை.

"அவர் தெற்கு எண்டு சொன்ன விதத்திலையே எனக்கு விளங்கிப்போச்சுத் தங்கச்சி" என்று புண்ணியமூர்த்தி திரும்பி வந்து எனக்குச் சொன்னார். "மேலை ஒண்டும் கேக்கேல்லை. பெரிய மனிசர், பாவம்."

வெள்ளைக்காரனிடத்திலும் இந்த மேல்கீழ்ச் சீத்துவம் இருக்கிறது என்பதில் அவருக்கு வந்த நிம்மதியைப் பார்க்கவேண்டும். எழுதியது இப்படி: '1961இல் குடும்பத்தாரின் இடையறா உழைப்பால் குளிர்முறை பிறந்தது.' எர்னெஸ்தா இல்லை, ரோக்கோ இல்லை. விட்ட இடமும் தெரியவில்லை.

நான் கடைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்க, மர்கரீத் அதைத் திருத்தினார். வடிவமைப்பு எங்களுடையது. எங்களிடம் இருந்தது ஒரே வடிவம். முன்பக்கத்தில் இரண்டு குத்துவிளக்குகளுக்கு நடுவில் கஸ்பரேயின் படம். கீழே '1930', பக்கத்தில் ஒரு கோடு, அதற்கப்பால் வெறும் இடம்.

"கோடு எதுக்கு அண்ணை, ஆள் உயிரோடையெல்லோ இருக்கிறார்" என்று கேட்டேன்.

"கோடு இல்லாட்டி வடிவில்லை."

கடைசி நாலு பக்கத்தில் கொடிகளின் புலம்பலும் பீப்பாய்களின் புலம்பலும் இருந்தன. 'எம்மைத் தொட்ட கை எங்கே, இனி எவர் காலடி கேட்போம்' என்ற ரீதியில் போகும். உயிரோடு இருக்கிற ஆளைப் புகழ அவருக்கு வேறு வழி தெரியாது. மர்கரீத்துக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கிழக்கத்தியக் கவிதை என்றால் கொஞ்சம் அழுகை இருக்கும் என்று எங்கோ வாசித்திருக்கிறார் போல. குத்துவிளக்கு வைன் நிலவறை விளக்காக்கும் என்று நினைத்தாராம்.

முதல் பிரதி இத்தாலிக்குப் போனது. அந்த ஊர்க் கல்லறைகளில் செத்தவரின் படத்தை ஓட்டில் பதித்து, கீழே இரண்டு தேதி வெட்டி, பக்கத்தில் சின்ன விளக்கு எரியவிடுவார்களாம். அது எங்களுக்கு எப்படித் தெரியும். கஸ்பரே உறையைக் கிழித்து, தன் முகத்தையும் விளக்குகளையும் கோட்டையும் பார்த்தார். சாவு அண்டாமல் இருக்க அங்கே இரும்பைத் தொடுவார்களாம், பக்கத்தில் கிடந்த இரும்புச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் போனவர் மூன்று நாள் எழும்பவில்லை. பாதிரியாரைக் கூப்பிட்டார்கள். நாலாம் நாள் அவர் உணவகத்துக்கு ஃபோன் எடுத்து, சலாட் வெட்டுகிறவரைக் கேட்டார்.

எங்களைக் கொலைக் கேஸில் போடப்போகிறார்கள் என்று நான் கடையைப் பூட்டத் தயாராக இருந்தேன். கிழவர் திட்டவில்லையாம். அவர் சொன்னதைப் புண்ணியமூர்த்தி அன்று பின்னேரம் என் முன்னால் உட்கார்ந்து, சொல் தவறாமல் சொன்னார்.

"நீர் என்னைச் சாக்காட்டிப்போட்டீர், பரவாயில்லை, எண்டைக்கோ நடக்கிறதுதான் எண்டார். ஆனால் செத்தவன்ரை புத்தகத்திலை பொய் கிடக்கக்கூடாதாம். எர்னெஸ்தாவைப் போடு, அவளின்ரை புருசனையும் போடு, அவன் எவடத்து ஆள் எண்டதையும் போடு, ரெண்டுபேரின்ரை படத்தையும் போடு எண்டார். பிறகு அழுதவர்."

புண்ணியமூர்த்தி இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் அந்தப் பக்கத்தை எழுதினார். இவ்வளவு கல்வெட்டிலும் அவர் எழுதிய உண்மையான பக்கம் அது ஒன்றுதான் என்று நான் எங்கேயும் சத்தியம் பண்ணுவேன். கலாபிரியாவிலிருந்து ரயிலேறி வந்த பொடியன், வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தது, உள்ளங்கை கிழிந்தது, அவன் ஊற்ற எர்னெஸ்தா தொட்டியில் காதை வைத்துப் பொங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. 'இக்குடும்பத்தின் மூத்த மருமகன்' என்று ரோக்கோவின் பெயருக்கு முன்னால் போட்டார். தட்டச்சுச் செய்து முடித்ததும் முதலிலிருந்து இன்னொருதரம் வாசித்தேன். திரும்பிப் பார்த்தால் அவருடைய கண்ணாடி ஈரமாக இருந்தது.

கண்காட்சியில் எல்லோரும் அந்தப் பக்கத்தில்தான் நின்றார்களாம். ஒரு சஞ்சிகை அதை அப்படியே எடுத்துப் போட்டது. இதற்கு மேலும் இந்த மனிசன் மாறாவிட்டால் அவர் மனிசனே இல்லை என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மாறினார், தன்னுடைய அளவுக்கு.

2015இல் கமலராணியின் திவசத்துக்கு இரண்டு வாரம் இருக்க, கடைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கமலராணியின் கல்வெட்டுக்குத் திருத்திய பதிப்பு போடவேண்டும் என்றார். கல்வெட்டுக்கு இரண்டாம் பதிப்பு வந்ததாக லாச்சப்பலில் சரித்திரமே இல்லை. அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

"அன்பு மகள் சுபாங்கி. அடுத்த வரியிலை, அன்புப் பேர்த்தி கஜனி."

கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

"மருமகன் அண்ணை?"

"பேர்த்தி எண்டு போட்டா விளங்கும்தானே தங்கச்சி. சனத்துக்கு எல்லாத்தையும் விளப்பமாச் சொல்லத் தேவையில்லை."

அந்த இடத்தில் நான் கையை எடுத்திருக்க வேண்டும். மெஷின் என்னுடையது, கடை என்னுடையது. 'தினேஸ்' என்பது ஆறு தட்டு. நான் அடிக்கவில்லை. அவர் சொன்னதை மட்டும் அடித்து, அழகாக மடித்து, ஒரு பிரதியைத் தபாலில் போட்டேன். மகள் பெயரைக் கண்டு இறங்கி வருவாள், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, என்றாலும் சொல்லத்தான் வேண்டும்.

சனிக்கிழமை சுபாங்கி வந்தாள், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு. புண்ணியமூர்த்தி காலையிலிருந்தே வெள்ளைச் சட்டையோடு கடையில் காத்திருந்தார். பிள்ளையைக் கண்டதும் கதிரையிலிருந்து எழும்பி, என்ன செய்வதென்று தெரியாமல், பிறகு அப்படியே நிலத்தில் முழங்கால் போட்டு இரண்டு கையையும் நீட்டினார். மூன்று வயதுப் பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தது. சுபாங்கி கையை விடவில்லை. பையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்து என் மேசையில் வைத்தாள்.

"அப்பா, இவளின்ரை தகப்பன் எங்கை?"

"அது பிள்ளை, மெல்ல மெல்லமாத்தான்..."

"அம்மாவைக் கடைசி மூண்டு மாதமும் தூக்கிப் பிடிச்சது ஆர்? சொல்லுங்கோ. பெறாமக்களோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன்.

"அந்த இத்தாலிக் கிழவன் சாகப் பயந்து எண்டாலும் உண்மையைப் போட்டான். கோசலை அன்ரி எனக்கு அந்தப் புத்தகம் அனுப்பினவா. வாசிச்சிட்டு நானும் என்ரை மனுசனும் அழுதனாங்கள். அதை எழுதின ஆள்தானே எனக்கும் எழுதுவார் எண்டு அவர்தான் என்னை இஞ்சை அனுப்பினவர். நான் வரமாட்டன் எண்டனான்."

குரலை உயர்த்தவே இல்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பிள்ளை, தாயின் தோளுக்கு மேலால், நிலத்தில் இருந்த கிழவரைப் பார்த்து "ஓர்வுவார் மிஸ்யூ" என்று சொன்னது. போய்வருகிறேன் ஐயா என்று, பிள்ளைக் காப்பகத்தில் தெரியாதவர்களுக்குச் சொல்லச் சொல்லிக்கொடுத்த மரியாதை. இருவரும் போய்விட்டார்கள், அதற்குப் பிறகு இன்றுவரை வரவில்லை. படம் அனுப்புவதையும் சுபாங்கி நிறுத்திவிட்டாள், எனக்கும்.

நான் கை கொடுத்து அவரை எழுப்பிக் கதிரையில் இருத்தினேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்தார். இப்போது கேட்பார், இப்போது அந்தப் பெயரை அடி என்று சொல்வார் என்று கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"மர்கரீத் மூண்டாம் பதிப்பு கேக்கிறா தங்கச்சி. ரோக்கோவின்ரை படம் சின்னனாப் போச்சாம், பெருப்பிச்சுப் போடட்டாம்."

பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிச் சொல்லி முழுப் பக்கத்துக்குப் பெரிதாக்குவித்தார். படம் நல்ல தெளிவாக வந்தது.